நூர்ஜகான் கேட்ட ஜூஸர்

1

ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் என் தம்பி மனைவி நூர்ஜகான் திண்டுக்கல்லிலிருந்து போன் செய்தாள். எனக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம், அவளுக்குச் சாயங்காலம். நலம் விசாரித்து முடிந்ததும் குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, வீட்டுக்கு ஒரு ஜூஸர் வாங்கணும். எது வாங்கட்டும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் தம்பி காதர் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜூஸ் கடை வைத்திருக்கிறான். அத்தா, அதாவது எங்கள் அப்பா, நடத்திய கடை. அவருக்குப் பிறகு இவன். ஒரு நாளைக்கு எத்தனை கூடை சாத்துக்குடி பிழிகிறான் என்று அவனுக்கே தெரியாது.

"உன் வீட்டுக்காரரக் கேக்கலாம்ல?"

"கேட்டேன். வீட்டுக்கு எதுக்கு தனியா, கடையில இருந்து குடுத்து விடுறேன்ங்கறாரு. குடுத்தும் விடுவாரு. வந்து சேர்றதுக்குள்ள ஐஸ் கரைஞ்சு பாதி தண்ணியாப் போயிரும். கல்யாணமாகி ஒம்பது வருசமாச்சுக்கா. எனக்குப் பிடிச்ச பழத்துல, நான் நெனச்ச நேரத்துல, ஒரு கிளாஸ் குடிச்சதில்ல."

குறையாகச் சொல்லவில்லை. வெயில் அதிகம் என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். "நீங்கதான் போன வருசம் ஜூஸர் ஜூஸர்னு அலைஞ்சீங்கள்ல. அதான் கேக்குறேன்."

ரெண்டு வரியில் வாட்ஸப்பில் எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்தேன். உட்கார்ந்தால் ரெண்டு வரியில் அடங்கவில்லை. ஜூஸரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் போன வருஷம் ஆறு வாரத்தில் தெரிந்துகொண்டது. அந்த ஆறு வாரத்தைச் சொல்லாமல் மெஷினை மட்டும் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் ஊரில் இருக்கிற எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

2

நாங்கள் இருப்பது ஜெர்மனியில் ஆஃபன்பாக் என்ற ஊரில். ஒரு காலத்தில் தோல் வேலைக்குப் பேர் போன ஊர். என் கணவர் ஷாகுல் திண்டுக்கல்லில் தோல் ஷாப் என்று சொல்லும் தோல் பதனிடும் ஆலையின் சோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவர். தோலுக்கான சாயங்கள் செய்யும் ஒரு கம்பெனி இங்கே கூப்பிட்டது. "தோல விட்டு எங்க போனாலும் தோலுதான்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. வரும்போது கைக்குழந்தையாக இருந்த மரியத்துக்கு இப்போது பதின்மூன்று வயது. ஒரே பிள்ளை.

நான் மருந்துக் கிடங்கு ஒன்றில் பாதி நாள் வேலைக்குப் போகிறேன். அட்டைப்பெட்டியில் மருந்தை அடுக்கி, சீட்டு ஒட்டி, அடுத்த பெட்டி. அங்கே பேசத் தேவையில்லை. எனக்கு இரு பக்கமும் நிற்கிறவர்களும் வேறு வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள்தான். காலை வணக்கம், மாலை வணக்கம், பசை தீர்ந்துவிட்டது. இந்த மூன்றை வைத்துக்கொண்டு பல வருஷம் ஓட்டிவிட்டேன்.

மற்றதற்கெல்லாம் மரியம் இருந்தாள். ஏழு வயதிலிருந்தே அவள்தான் எனக்கு வாய். விசா ஆபீஸ், பேங்க், டாக்டர், வீட்டு உரிமையாளரின் கடிதம் எல்லாம் அவள் வழியாகத்தான். பள்ளிக்கூடத்தில் அவளைப் பற்றி டீச்சர் சொல்லும் குறைகளையும் அவளேதான் எனக்குத் தமிழில் சொல்ல வேண்டும். டீச்சர் கால் மணி நேரம் பேசுவார். மரியம் என் பக்கம் திரும்பி, "ஓகேவாம்" என்பாள்.

வளர வளர அவளுடைய தமிழ் சின்னதாகிக்கொண்டே வந்தது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். அவள் சொல்வது எனக்குப் பாதி புரியும். புரிந்ததுபோல் தலையை ஆட்டுவேன். அவளுக்கும் அது தெரியும். ஆபீசில் என் பக்கத்தில் உட்காரவே போன வருஷம் கூசத் தொடங்கியிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டு பேசிவிடுவாள். எனக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது. உள்ளே ஒரு ஓரத்தில் உறுத்தவும் செய்தது.

3

போன அக்டோபரில் ஆற்றங்கரைப் பாதையில் சைக்கிளில் வந்தவள், ஈர இலையில் சறுக்கி விழுந்தாள். முகவாய் நேராகக் கல்லில் மோதியது. கீழ்த்தாடை இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது. ஆபரேஷன் செய்து தகடு வைத்து, மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டினார்கள். ஆறு வாரம் வாயைத் திறக்க முடியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது ஒரு காகிதக் கட்டும் சின்னக் கத்தரி ஒன்றும் கொடுத்தார்கள். கம்பி வெட்டும் கத்தரி. வாந்தி வந்து மூச்சு அடைத்தால் உடனே கம்பியை வெட்டிவிட வேண்டும், அதற்காக எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஷாகுலிடம் நர்ஸ் விளக்கினாள். நான் அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். தொழும்போதும் குளிக்கும்போதும்கூட கைக்கு எட்டும் தூரத்தில் வைத்திருந்தேன். அதை எடுக்க வேண்டிய நேரம் வந்துவிடுமோ என்று எப்போதும் பயம். மரியத்துக்கு முன்னால் காட்டிக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

சாப்பாடு முழுக்கத் தண்ணீர் ஆகாரம். கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் சின்ன இடைவெளி ஒன்று இருந்தது. அங்கே ஸ்ட்ராவை வைத்து உறிஞ்ச வேண்டும். கடுகளவு சக்கை இருந்தாலும் கம்பியில் மாட்டிக்கொள்ளும். அதை எடுக்க அவள் கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் நின்று, கடைசியில் கோபத்தில் டம்ளரைத் தள்ளிவிட்டுப் போய்விடுவாள். பத்து நாளில் நாலு கிலோ குறைந்துவிட்டாள். இன்னும் இரண்டு கிலோ குறைந்தால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். இந்தத் தடவை அதைச் சொன்னபோது ஓகேவாம் என்று சொல்ல ஆள் இல்லை. ஷாகுல் சொன்னார், மரியம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலமே நான் ஜூஸர் வாங்கக் கிளம்பினேன்.

4

தனியாகப் போனேன். போகும் வழியெல்லாம் சொல்லை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். ஜெர்மனில் ஜூஸருக்கு என்ட்சாஃப்டர் என்று பேர். கடைக்குள் போய், அங்கே நின்ற பெண்ணிடம் தைரியமாகக் கேட்டேன். அவள் என்னை அழைத்துக்கொண்டு போய்க் குப்பைத் தொட்டிகள் அடுக்கியிருந்த இடத்தில் நிறுத்தினாள். மிதித்தால் திறப்பது, தானாகத் திறப்பது, மூன்று நிறத்தில் மூடி போட்டது என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். நான் கேட்டது என்ட்ஸோர்கர் என்பது வீட்டுக்கு வந்து ஷாகுலிடம் சொன்ன பிறகுதான் தெரிந்தது. குப்பை அகற்றுகிறவர் என்று அர்த்தமாம். கடையில் கடைசியாகக் கையால் ஆரஞ்சைப் பிழிவதுபோல் செய்து காட்டித்தான் சரியான அலமாரிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே இருந்ததில் பளபளவென்று பெரிதாக இருந்ததை எடுத்தேன். முழு ஆப்பிளை அப்படியே போடலாம், அரை நிமிஷத்தில் ஜூஸ் என்று பெட்டியில் படம் போட்டிருந்தது.

மறுநாள் காலை ஏழரைக்குப் போட்டேன். அந்தச் சத்தத்தில் அடுப்பு மேலிருந்த கரண்டி நடுங்கியது. ஆப்பிளும் கேரட்டும் உள்ளே போய்ச் சுழன்று, ஒரு பக்கம் சக்கையும் ஒரு பக்கம் ஜூஸும் வந்தன. ஜூஸ் என்றால் பாதி நுரை. மரியம் ஸ்ட்ராவை வைத்து உறிஞ்சினாள், நுரைதான் வந்தது. நுரை அடங்கட்டும் என்று வைத்தேன். கால் மணி நேரத்தில் ஜூஸ் கறுத்து, மேலே தண்ணீர், கீழே மண்டி. அதையும் குடிக்கவில்லை. நோட்டை எடுத்து ஜெர்மனில் ஏதோ எழுதிக் காட்டினாள். வாய் கட்டிய நாளிலிருந்து அந்த நோட்டுதான் அவள் பேச்சு. எழுதியதில் 'நுரை' என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது.

நாலாம் நாள் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. கீழ் வீட்டுக்காரர் எழுதியது. "காலை ஏழரை மணிக்கு உங்கள் சமையலறையில் என்ன நடக்கிறது?" என்று ஒரே வரி. கீழே கையெழுத்து.

5

கீழ் வீட்டில் லோரென்ஸ் என்பவர் தனியாக இருந்தார். இங்கே மரியாதைக்கு ஹெர் லோரென்ஸ் என்று சொல்ல வேண்டும். பேக்கரியில் ரொட்டி போடுகிறவர். ஊர் தூங்கும்போது வேலைக்குப் போய், காலை ஏழு மணிக்கு வந்து படுப்பார். படியில் பார்த்தால் தலையசைப்பார். ஆறு வருஷத்தில் அதற்கு மேல் பேச்சில்லை. இந்த நாட்டில் சத்தம் என்பது பெரிய விஷயம். ஞாயிற்றுக்கிழமை ஆணி அடித்ததற்காக வீட்டு உரிமையாளரிடமிருந்து கடிதம் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

ஷாகுல் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தார். மரியம் சீட்டைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். வேறு நாளாக இருந்தால் அவள் முன்னால் போய்ப் பேசியிருப்பாள், நான் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருப்பேன். அவள் தன் வாயைத் தொட்டுக் காட்டினாள்.

மத்தியானம் இரண்டரை மணிக்கு நான் முன்னாலும் அவள் பின்னாலுமாகப் படியிறங்கினோம். நோட்டையும் பென்சிலையும் கையோடு எடுத்துக்கொண்டாள். எழுதிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தாளோ என்னவோ. மணியை நான்தான் அழுத்தினேன்.

கதவைத் திறந்த ஹெர் லோரென்ஸ் தூங்கி எழுந்த முகத்தோடு நின்றார். மன்னிக்கணும் என்று தொடங்கினேன். மெஷின், சத்தம், காலை என்று எனக்குத் தெரிந்த சொற்களை எல்லாம் வரிசையாக எடுத்து வைத்தேன். எதற்காக என்று சொல்ல வேண்டிய இடம் வந்தது. வாயைக் கட்டியிருக்கிறது என்பதற்கு எனக்கு வார்த்தை தெரியவில்லை. மூடியிருக்கிறது என்ற சொல் தெரியும், கடை வாசலில் எழுதி மாட்டியிருப்பார்கள். அதை எடுத்தேன்.

"என் மகள் மூடியிருக்கிறாள். ஆறு வாரம்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் தோளுக்கு மேலாக மரியத்தைப் பார்த்தார். அவள் உதட்டை விலக்கிக் கம்பியைக் காட்டினாள். அவர் முகத்தில் சிரிப்பில்லை.

"எப்போது திறப்பாள்?" என்று மெதுவாக, எனக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

எனக்குப் பின்னால் மூக்கு வழியாக ஒரு சத்தம். திரும்பினால் மரியம் சுவரில் சாய்ந்துகொண்டு குலுங்கிக்கொண்டிருக்கிறாள். ஒரு நொடி என் கை கழுத்திலிருந்த கத்தரிக்குப் போய்விட்டது. வாந்தியில்லை, மூச்சு முட்டவும் இல்லை. சிரிக்கிறாள். கண்ணில் தண்ணீர் வர, தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு சிரிக்கிறாள். விழுந்த நாளிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

ஹெர் லோரென்ஸும் அப்போதுதான் சிரித்தார். உள்ளே வரச் சொன்னார். பத்து நிமிஷம் உட்கார்ந்தோம். எந்த நேரத்தில் தூங்குகிறார் என்று கேட்டேன், காலை ஏழிலிருந்து மத்தியானம் இரண்டு வரை என்றார். அந்த நேரத்தில் மெஷின் போட மாட்டேன் என்றேன். சொன்னதெல்லாம் தப்புத் தப்பான ஜெர்மன். மரியம் நோட்டை மடியில் வைத்திருந்தாள். எதுவும் எழுதவில்லை.

6

பிரச்சினை அப்படியேதான் இருந்தது. காலையில் பிள்ளைக்குப் பசிக்கும் நேரத்தில் மெஷின் போட முடியாது. முந்தின நாளே பிழிந்து வைத்தால் கறுத்துப் பிரிந்துபோகிறது. காதருக்கு வீடியோ கால் போட்டேன்.

கடையில்தான் இருந்தான். பின்னால் பழனி பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடும் சத்தம் கேட்டது. நான் வாங்கிய மெஷினைக் காட்டினேன். நாலு பக்கமும் திருப்பிக் காட்டச் சொல்லிப் பார்த்தான்.

"ஏங்க்கா, என்னையக் கேக்காம ஏன் வாங்குன?"

"ஜூஸ் கடைக்காரன் தம்பியா இருந்தும் மறந்துபோச்சு. எது வாங்கணும், சொல்லு."

"நம்ம கடையில ஜூஸரே கெடையாதுக்கா. மிக்ஸிதான், வடிகட்டிதான். சாத்துக்குடிக்கு மட்டும் கையால சுத்துறது. இங்க வர்றவன் பஸ்ஸுக்கு வர்றவன். டிரைவர் ஹாரன் அடிக்கிறதுக்குள்ள கிளாஸ் அவன் கைக்குப் போகணும். அம்புட்டு வேகம் உனக்கு எதுக்கு? வீட்டுல எந்த பஸ்ஸு கெளம்பப் போகுது?"

அவனுக்குப் பின்னால் மேசையில் பன்னீர் திராட்சைக் கூடை தெரிந்தது. வெள்ளோட்டுப் பக்கமிருந்து வருவது. கறுத்த, குண்டான, தோலைக் கடித்தால் வாசனை மூக்குக்கு ஏறும் திராட்சை. அவன் ஒரு பழத்தை எடுத்து இரண்டு விரலால் நசுக்கிக் காட்டினான்.

"இதப் பாரு. விதை முழுசா இருக்கா? இத மிக்ஸியில செத்த நேரம் கூட விட்டா விதை உடைஞ்சிரும். உடைஞ்சா கசக்கும். வேகமாச் சுத்துற மெஷினு அறுக்கும், மெதுவாச் சுத்துறது நசுக்கும். பழத்தப் பாத்துத்தான் மெஷினு. நீ மெதுவாச் சுத்துறத வாங்கு. சத்தமும் வராது, நுரையும் வராது, ராத்திரி பிழிஞ்சு மூடி பிரிட்ஜில வச்சா காலையில அப்பிடியே இருக்கும்."

"சரி."

"இன்னொண்ணு. வெறும் ஜூஸ்ல பிள்ள தேறாதுக்கா. அது தாகத்துக்குத்தான். நோம்புக் கஞ்சி காய்ச்சு. கறி போட்டு, நல்லாக் குழைய விட்டு, மிக்ஸியில அடிச்சு, வெள்ளைத் துணியில ரெண்டு தடவ வடிகட்டு."

இதையேதான் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகரும் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தார், வேறு வார்த்தையில். ஜூஸ் மட்டும் போதாது, புரதமும் கொழுப்பும் வேண்டும் என்று. நான் ஜூஸரையே பிடித்துக்கொண்டிருந்ததால் அந்தக் காகிதத்தின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

மரியம் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். காதர் அவளிடம், "என்னத்தா, மாமாட்ட பேச மாட்டியா?" என்றான். அவள் வாயைக் காட்டினாள். "எழுது. போன்ல எழுது, நான் படிக்கிறேன்." அவனுக்கு ஜெர்மன் தெரியாது. அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. செத்த நேரம் யோசித்துவிட்டு, ஆங்கில எழுத்தை வைத்துத் தமிழில் தட்டினாள். "மாமா, அந்த கிரேப் ஸ்வீட்டா இருக்குமா?" காதர் சத்தமாகப் படித்தான். அப்புறம் ஒரு நாள்கூட விடாமல் இரண்டு பேரும் எழுதிக்கொண்டார்கள். கடையில் இன்று என்ன பழம், எந்தப் பழத்தில் எவ்வளவு சக்கை, சிறுமலை வாழைப்பழம் ஏன் அவ்வளவு குட்டையாக இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கும் போகாமல், பேசவும் முடியாமல் கிடந்த பிள்ளைக்குத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு ஒரு வேடிக்கையாகிவிட்டது.

7

பழைய மெஷினைக் கடையில் திருப்பிக் கொடுக்க ஒரு படிவம். திருப்பும் காரணத்தை வரிசையிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். உடைந்திருந்தது, தவறான பொருள், மனம் மாறிவிட்டது. கீழ் வீட்டுக்காரர் தூங்குகிறார் என்று வரிசையில் இல்லை. மனம் மாறிவிட்டது என்று போட்டேன்.

மருத்துவக் காப்பீட்டுக்கும் ஒரு விண்ணப்பம் எழுதினார் ஷாகுல், ஜூஸரைச் சிகிச்சைக் கணக்கில் சேர்க்க முடியுமா என்று. இரண்டு பக்கத்துக்குப் பதில் வந்தது. தங்கள் மகள் விரைவில் குணமடைய வாழ்த்துகள், ஆனால் பழரசக் கருவி ஒரு வீட்டு உபயோகப் பொருள், சிகிச்சைக் கருவி அல்ல. கூடவே, மறுபரிசீலனை கோருவதற்கான படிவம் இணைக்கப்பட்டிருந்தது. அதை மரியம் கப்பல் செய்து ஜன்னலில் வைத்தாள்.

மெதுவாகச் சுற்றும் ஜூஸர் வந்தது. பழைய மெஷினைவிடக் குட்டை, முறுக்கு பிழியும் உழக்கு ஒன்றை நட்டு வைத்ததுபோல் இருந்தது. பழத்தைச் சின்னதாக நறுக்கிப் போட வேண்டும். பொறுமை வேண்டும். ஒரு டம்ளர் நிறைய ஐந்து நிமிஷமாகும். சத்தம் என்று பார்த்தால் தையல் மெஷின் அளவுகூட இல்லை. அடியில் மடித்த துண்டு ஒன்றைப் போட்டேன். திராட்சையும் ஆப்பிளும் போட்டு எடுத்த முதல் டம்ளரை மரியம் கடைசிவரை உறிஞ்சினாள். கம்பியில் எதுவும் மாட்டவில்லை.

கஞ்சிக்கு ஊரிலிருந்து வரும்போது கொண்டுவந்த மிக்ஸியையே எடுத்தேன். அதுவும் கத்தும், அதனால் மத்தியானம் மூன்று மணிக்குத்தான் போடுவது. அரிசி, இஞ்சி பூண்டு, பாசிப்பருப்பு, கொத்துக்கறி, கடைசியில் தேங்காய்ப்பால். இரண்டு தடவை வடிகட்டினால் பழுப்பு நிறத்தில் மழமழவென்று இருக்கும். ஜூஸ் காலைக்கு, கஞ்சி மத்தியானத்துக்கும் சாயங்காலத்துக்கும். பாலில் பேரீச்சம்பழம் அடித்து வடிகட்டியது இடையில்.

அடுத்த வாரம் எடை பார்த்தபோது அரை கிலோ கூடியிருந்தது. அன்று ஆஸ்பத்திரிக்கு நானும் மரியமும் மட்டும்தான் போயிருந்தோம். என்ன கொடுக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். கஞ்சி காய்ச்சும் முறையை நானே ஜெர்மனில் சொன்னேன். கொத்துக்கறிக்கு வார்த்தை தெரிந்தது, தேங்காய்ப்பாலுக்கும் தெரிந்தது. குழைய விடுவதற்குத் தெரியவில்லை. மரியம் நோட்டில் எழுதி என் பக்கம் நகர்த்தினாள். அதைப் பார்த்துச் சொன்னேன். குழாயைப் பற்றி டாக்டர் மறுபடி பேசவே இல்லை.

8

ஆறு வாரம் முடிந்து கம்பியை எடுத்தார்கள். கொஞ்ச நாளைக்கு மெத்தென்ற சாப்பாடு மட்டும் என்றார்கள். ஹெர் லோரென்ஸ் பஞ்சு மாதிரி இருந்த பால் ரொட்டி ஆறு கொண்டுவந்து கொடுத்தார். மரியம் முதலில் மென்றது அதைத்தான். பிரியாணியைக் குழைத்து வைத்துக் காத்திருந்த எனக்குச் சின்ன ஏமாற்றம். ரொட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு அவள் தின்றதைப் பார்த்தபோது அதுவும் போய்விட்டது. அவள் பிறந்தது திண்டுக்கல்லாக இருக்கலாம், பசி இந்த ஊர்ப் பசி. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

பேச்சு திரும்பியதும் ஜெர்மனும் திரும்பிவிட்டது. நான் தமிழில் கேட்க அவள் ஜெர்மனில் பதில் சொல்வது பழையபடி நடக்கிறது. அதை மறைத்து எழுத விரும்பவில்லை. ஆனால் மாமாவுக்கு எழுதுவது நிற்கவில்லை. நானும் மாறியிருக்கிறேன். வாரத்தில் இரண்டு சாயங்காலம் ஜெர்மன் வகுப்புக்குப் போகிறேன். என் வகுப்பிலேயே நான்தான் வயதில் மூத்தவள், வீட்டுப்பாடம் தவறாமல் எழுதுகிறவளும் நான்தான்.

9

நூர்ஜகானுக்கு இந்தக் கோடை விடுமுறையில் நேரிலேயே பதில் சொல்ல வாய்த்தது. மூன்று வாரம் ஊருக்குப் போயிருந்தோம்.

வாங்கப் போன அன்று நான், நூர்ஜகான், மரியம் மூன்று பேரும் போனோம். கடைக்காரர் ஐந்தாறு மெஷினை மேசையில் வைத்து, எத்தனை வாட்ஸ், எத்தனை வேகம் என்று அடுக்கிக்கொண்டே போனார். நூர்ஜகான் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் மரியம் கேட்டாள், தமிழில்.

"இதை கழுவ எவ்வளவு நேரம் ஆகுது?"

கடைக்காரர் அவளுக்கு ஆங்கிலத்தில் பதில் சொன்னார். அவள் விடவில்லை. "எத்தனை பார்ட் இருக்கு? எல்லாம் கழட்டிக் காட்டுங்க." ஒவ்வொன்றாகக் கழற்ற வைத்தாள். வலையில் சக்கை எங்கே சிக்கும் என்று விரலை விட்டுப் பார்த்தாள். ஒன்பது பாகம் கொண்ட ஒன்றைத் தள்ளிவைத்தாள். "மாமி இதை ரெண்டு நாள் யூஸ் பண்ணுவாங்க. அப்புறம் மேல வச்சிருவாங்க." நூர்ஜகான் சிரித்துக்கொண்டே, "ஆமாத்தா, அப்பிடித்தான் செய்வேன்," என்றாள்.

உங்களுக்கும் இதைத்தான் சொல்ல வேண்டும். வாங்கும் முன்பு எந்தப் பழம் அதிகம் வாங்குவீர்கள் என்று யோசியுங்கள். எலுமிச்சையும் சாத்துக்குடியும் மட்டும் என்றால் கையால் பிழிவதே போதும், மின்சாரமும் வேண்டாம். மாம்பழம், சப்போட்டா, பப்பாளிக்கு வீட்டு மிக்ஸி இருக்கிறது. கேரட், பீட்ரூட், ஆப்பிள் என்று வீடு நிறைய ஆட்களுக்கு அவசரமாக வேண்டும் என்றால் வேகமானது. திராட்சை, மாதுளை, நெல்லிக்காய் என்றால் மெதுவானது. எதுவானாலும் கழற்றிக் கழுவிப் பார்க்காமல் வாங்காதீர்கள். நூர்ஜகானுக்குப் பிடித்தது பன்னீர் திராட்சை. மெதுவானதில் நாலே பாகம் உள்ளதை எடுத்தோம்.

வீட்டில் அவர்களை இறக்கிவிட்டு, நான் பக்கத்துத் தெருவில் ஒரு உறவுக்காரரைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தபோது அடுப்படியில் பேச்சுச் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து காம்பிலிருந்து திராட்சையை உதிர்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வந்ததைப் பார்க்கவில்லை.

"ஆறு வாரம் பேசாம இருந்தியே, கஷ்டமா இல்லையாத்தா?" என்று நூர்ஜகான் கேட்டாள்.

மரியம் யோசித்து, வார்த்தையைத் தேடித் தேடிச் சொன்னாள். "பேசாம இருக்கிறது கஷ்டம் இல்ல மாமி. அம்மா பயந்துச்சு. கழுத்துல சிஸர்ஸ் போட்டு, தூங்கும்போதும் அதைப் பிடிச்சிருக்கும். எனக்கு அது பார்க்கிறதுதான் கஷ்டம். அதனால நான் எல்லாம் குடிச்சேன். எனக்கு அந்த கஞ்சி பிடிக்கவே இல்ல."

"அம்மாட்ட சொன்னியா?"

"இல்ல. இப்ப சொன்னா அழும்."

நான் அழவில்லை. வந்த வழியே சத்தமில்லாமல் நாலு எட்டு பின்னால் போய், வாசல் படியில் பத்து நிமிஷம் உட்கார்ந்தேன். தெருவில் ஒரு டவுன் பஸ் போனது. பிறகு அப்போதுதான் வருகிறவள்போல் செருப்பைச் சத்தம் வரக் கழற்றிப் போட்டுவிட்டு, நூர்ஜகானைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

அதற்குள் மெஷின் ஓட ஆரம்பித்திருந்தது. நூர்ஜகான் கையில் நுரையில்லாமல், கருஞ்சிவப்பாக ஒரு கிளாஸ். பாதி குடித்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சட்டென்று கீழே வைக்கப் போனாள்.

"மன்னிச்சுக்கங்கக்கா. உங்களுக்கு எடுத்து வைக்காம முதல் கிளாஸ நானே குடிச்சிட்டேன்."

"முழுசையும் குடி," என்றேன். மரியத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மீதித் திராட்சையை உதிர்க்கத் தொடங்கினேன்.